இனிக்கிற பழத்துக்குப் புளித்த மாவு

சவர்டோ, அதாவது தானாகப் புளித்த மாவில் எழும்புகிற ரொட்டி, சுடுகிற வீட்டு ஃப்ரிட்ஜில், ரொட்டிக்கு ஆகாத பழைய ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டியைப் புளிக்கவைக்க வளர்க்கிற தாய்மாவு, ஒரு பாட்டிலில் கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு தடவை தீனி போடும்போதும் பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் புது மாவும் தண்ணீரும் சேர்க்க முடியும், இல்லையென்றால் நாலே நாளில் பாத்திரம் பத்தாது, புளிப்பும் ஏறிப்போகும். எடுத்து வைத்த அந்தப் பாதியை என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் பான்கேக் என்பார்கள், இல்லையென்றால் கிராக்கர் பிஸ்கட் என்பார்கள். நான் சொல்ல வருவது பப்ஸ். உள்ளே முட்டையோ மசாலாவோ இல்லாமல் பழம் வைத்த பப்ஸ். நம் பக்கத்துப் பழங்களுக்கும் இந்த மிச்ச மாவுக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஐரோப்பாவில் பழம் வைத்துச் சுடுகிற பண்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பு ஆப்பிள், செர்ரி, ஆப்ரிகாட், பிளம், இந்த மாதிரிப் பழங்கள்தான் உள்ளே போகும். பழமே புளிக்கும் என்பதால் சர்க்கரையைத் தாராளமாகப் போடுவார்கள், மேல் மாவு வெண்ணெய் மணத்தோடு சப்பென்று இருந்தால் போதும். நம்மிடம் இருப்பது மலைவாழை, பலா, சப்போட்டா, நன்றாகப் பழுத்த மாம்பழம். எல்லாம் தேன். அதே செய்முறையை வைத்துக்கொண்டு ஆப்பிள் இருந்த இடத்தில் வாழைப்பழத்தை வைத்துச் சுட்டுப் பாருங்கள், இரண்டாவது கடியிலேயே திகட்டும். பழத்தின் மேல் குற்றமில்லை, புளிப்புக்கு அங்கே இடமே வைக்கவில்லை. உள்ளே இல்லாத புளிப்பை வெளியே, மாவில் வைத்துவிட்டால் சரியாகிவிடும். மிச்ச ஸ்டார்ட்டரில் அந்தப் புளிப்பு தயாராக இருக்கிறது.

சர்க்கரையும் இதில்தான் குறைகிறது. பழத்தின் இனிப்பே போதும், ஒரு பப்ஸுக்கு அரை டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை கூடத் தேவைப்படாது. வெண்ணெயும் குறைகிறது, அதற்குக் காரணம் வேறு.

ஸ்டார்ட்டர் என்பது மாவும் தண்ணீரும்தான், அதில் காற்றிலும் மாவிலும் இருக்கிற காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் குடியிருக்கும். தீனி போட்ட சில மணி நேரத்தில் பொங்கி நிற்கும்போது எடுத்தால் ரொட்டியைத் தூக்கும் வலு அதற்கு உண்டு. அதே மாவு பசியோடு நாள்கணக்கில் ஃப்ரிட்ஜில் கிடந்தால் அமிலம் ஏறும், அந்த அமிலத்தில் மாவிலேயே இருக்கிற நொதிகள் வேகம் பிடித்துப் புரதத்தை அறுத்துக்கொண்டே வரும். கரண்டியால் தூக்கிப் பாருங்கள், புது ஸ்டார்ட்டர் இழை இழையாக இழுபடும், பழையது கஞ்சி மாதிரி ஒழுகும். மாவுக்கு இழுவை கொடுக்கிற குளூட்டன் என்ற புரதம் அறுந்துபோனதுதான் அது. ரொட்டிக்கு அது கேடு, பப்ஸுக்கு அதுதான் வேண்டும். பொதுவாகப் பப்ஸ் மாவு ரப்பர் மாதிரி ஆகாமல் பொறுபொறுவென்று இருக்க வெண்ணெயைக் கூட்டுவார்கள், முறையான பஃப் பேஸ்ட்ரியில் மாவின் எடைக்குச் சமமான எடை வெண்ணெய் போகும். மிச்ச ஸ்டார்ட்டர் அந்த மென்மையில் ஒரு பங்கைத் தானே கொடுத்துவிடுவதால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்தும் கடித்தால் உதிர்கிறது.

வீட்டில் அத்தைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நாலாம் நாள் இட்லி மாவு வாசம்தான அடிக்குது? அதைப் பணியாரமா ஊத்துற மாதிரி இதை இப்படிச் சுடுற, அவ்வளவுதான?" என்றார்கள். அவ்வளவுதான். புளித்த மாவைக் கொட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் எப்போதும் கிடையாது, முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, அப்புறம் ஊத்தப்பம், கடைசியில் வெங்காயம் தாளித்துப் பணியாரம் என்று அந்தந்தப் புளிப்புக்கு ஒரு பண்டம் வைத்திருக்கிறோம். கோதுமை மாவுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் பயமில்லை, அது பசியில் கிடக்கிற ஈஸ்ட் விட்ட சாராயத் தண்ணீர், வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால், அல்லது பூசணம் பூத்திருந்தால், யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை எடுப்பதெல்லாம் வேண்டாம்.

சரி, மாவு. எட்டு பப்ஸுக்குக் கணக்கு இது. மைதா 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற மிச்ச ஸ்டார்ட்டர் 120 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன். சம எடை மாவும் தண்ணீரும் போட்டு வளர்க்கிற ஸ்டார்ட்டருக்கான அளவு இது, அதாவது 120 கிராமில் 60 மாவு, 60 தண்ணீர். மொத்தம் 210 கிராம் மாவுக்கு 100 கிராம் வெண்ணெய் என்று ஆகிறது, ஒரு பப்ஸுக்குச் சுமார் 12 கிராம். கோதுமை மாவில் ஸ்டார்ட்டர் வளர்ப்பவர்களுக்கு மாவு கொஞ்சம் வறண்டு நிற்கும், ஐஸ் தண்ணீர் ஒரு ஸ்பூன் தெளித்துக்கொள்ளலாம். தனியாகத் தண்ணீர் தேவையே இல்லை என்பதுதான் இந்த மாவின் சௌகரியம்.

வெண்ணெய்தான் மதுரையில் பெரிய பாடு. வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் 40ஐத் தொடும்போது அடுப்படியே அதைத் தாண்டி நிற்கும். பப்ஸ் எப்படி உப்புகிறது என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும்: மாவுக்கு நடுவே வெண்ணெய் தனித்தனி ஏடாக இருக்க வேண்டும், ஓவன் சூட்டில் வெண்ணெயிலும் மாவிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு ஏட்டையும் தூக்க வேண்டும். தேய்க்கும்போதே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் ஏடே இருக்காது, நெய் பிஸ்கட் மாதிரி தட்டையாக வரும். பேக்கரிகளில் இதற்காகவே பப்ஸ் மார்ஜரின் என்று தனியாக வாங்குவார்கள். அது வெயிலில் தாக்குப்பிடிக்கும், லேயர் பிரமாதமாக வரும், ஆனால் வாய்ச் சூட்டிலும் முழுசாக உருகாது. கடைப் பப்ஸ் சாப்பிட்டபின் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டின மாதிரி இருப்பது அதனால்தான். சாப்பிட்டு வெகுநேரம் வயிறு கனமாகத் தெரிகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதும் அதையே. வெண்ணெயில் சுட்டால் அந்தப் படலம் கிடையாது.

அதனால் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன், தெருவில் பால்காரர் மணி அடிக்கும் முன்பே. முந்தின ராத்திரியே வெண்ணெய்க் கட்டி ஃப்ரீசருக்கும், மைதா ஒரு டப்பாவில் ஃப்ரிட்ஜுக்கும் போய்விடும். கிரானைட் மேடையின் மேல் ஐஸ் கட்டி நிறைந்த ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டால் கல் நன்றாகக் குளிர்ந்திருக்கும். கட்டியான வெண்ணெயை கேரட் துருவுகிற துருவியில் நேராக மைதாவின் மேலேயே துருவிவிடுங்கள். கை படக் கூடாது, முள் கரண்டியால் புரட்டிவிட்டால் ஒவ்வொரு துருவலும் மாவு பூசிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். அதில் உப்பு, சர்க்கரை, ஸ்டார்ட்டரைச் சேர்த்துக் கலந்தால் முதலில் சேராத மாதிரிதான் இருக்கும், தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஊற்றாதீர்கள். ஒரு பாலித்தீன் பையில் போட்டு வெளியிலிருந்து அமுக்கி ஒரு செங்கல் வடிவத்துக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் தானாகப் பரவிச் சேர்ந்துவிடும்.

அப்புறம் தேய்ப்பது. நீள்சதுரமாகத் தேய்த்து, கடிதாசியை மடிப்பது போல மூன்றாக மடித்து, திருப்பி வைத்துத் திரும்பத் தேய்த்து மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். மூன்று தடவை மடித்தால் 27 ஏடு, வீட்டுப் பப்ஸுக்கு அது தாராளம். முதல் மடிப்பில் மாவு ஓரமெல்லாம் பிய்ந்து, வெண்ணெய்த் துருவல் அங்கங்கே மஞ்சளாகத் தெரியும். இரண்டாவதில் ஓரம் நேராகும். மூன்றாவதில் மேல்பக்கம் வழவழவென்று வந்து, கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் பப்ஸ் உப்பும், கவலையே வேண்டாம். இடையில் எப்போதாவது மாவு கட்டையில் பிசுபிசுத்தால் மைதாவைத் தூவித் தேய்க்கப் போகாமல் அப்படியே தட்டோடு ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் தள்ளிவிடுங்கள்.

பழம் வாங்க நான் போவது யானைக்கல் பக்கம். மலைவாழை கேட்டால் அந்தக் கடைக்காரர் முதலில் கேட்பது, "இன்னைக்குச் சாப்பிடவா, ரெண்டு நாள் வச்சுக்கவாம்மா?" என்பதுதான். பப்ஸுக்கு இன்றைக்குச் சாப்பிடுகிற பழம்கூடப் பத்தாது, தோலில் கரும்புள்ளி விழுந்து, காம்பு கருத்து, கடையில் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்களே, அது வேண்டும். "அது உங்களுக்கு எதுக்குத் தாயி, ஜூஸ் கடைக்குப் போறது" என்றவர், ஒரு தடவை பப்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தபின் எனக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாப் பழத்திலும் இந்தப் பண்டத்துக்கு முதல் இடம் சிறுமலை வாழைப்பழத்துக்கும் விருப்பாட்சிக்கும்தான். மலைவாழையில் தண்ணீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சியைத் தேடுவதும் அதனால்தான், நாள்பட இருந்தாலும் நீர்த்துப்போகாது. பப்ஸின் எதிரி பழத்திலிருந்து வடிகிற தண்ணீர். அடி மாவு நனைந்தால் வேகாது, உப்பாது, வெள்ளையாகக் களி மாதிரி நிற்கும். மலைவாழையை அடுப்பில் வைத்து வற்றவிட வேண்டியதே இல்லை. நாலைந்து பழத்தை முள் கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் சிவக்க வறுத்துச் சேர்த்தால் முடிந்தது. தேங்காயை வறுக்காமல் போடாதீர்கள், அதன் பாலே ஈரம். ரஸ்தாளி, பூவன் வைத்தும் செய்யலாம், சுமார்தான். பச்சைப்பழம் வேண்டவே வேண்டாம், சூட்டில் கூழாகி வழியும்.

மாம்பழ சீசனில் நத்தம் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும்போது எல்லோருக்கும் கை போவது இமாம்பசந்த் மேல். அதைச் சுடுவது பாவம், அப்படியே சாப்பிடுங்கள். சுடுவதற்குக் கிளிமூக்குதான் சரி, அதுவும் முக்கால் பழுத்தது. சதை கெட்டியாக இருக்கும், கொஞ்சம் புளிக்கும், துண்டு உருக்குலையாது. சின்னத் துண்டுகளாக நறுக்கி இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை பிசறி அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்தால் கீழே சாறு இறங்கும். அந்தச் சாற்றை மட்டும் அடுப்பில் வைத்துப் பாகு மாதிரி சுண்டவிட்டு, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றிக் கெட்டியானதும் துண்டுகளின் மேல் ஊற்றிப் பிரட்டுங்கள். பழம் அடுப்பைப் பார்க்காததால் பச்சை மணம் போகாது, சாறும் வெளியே ஓடாது. இந்த ஒரு வேலைதான் கொஞ்சம் நேரம் இழுக்கும், செய்து பார்த்தால் விடமாட்டீர்கள்.

ஆயக்குடி கொய்யாவுக்குக் கார்ன்ஃப்ளாரே வேண்டாம், அதில் ஜாமை உறையவைக்கிற பெக்டின் நிறைய, வேகவைத்துச் சல்லடையில் வடித்து விதையை எடுத்துவிட்டு வற்றவிட்டால் ஜாம் மாதிரி தானாக உறையும், ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக உறையும். கொய்யாவோடு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் போடுங்கள், பள்ளிக்கூட வாசலில் விற்பது போல, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கப் பஞ்சமில்லாமல் கிடைக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். விதை இருக்கும் என்பதால் வேகவைத்து மசித்து வடிக்க வேண்டும். அதுவே புளிப்பான பழம் என்பதால் புளித்த மாவோடு சேரும்போது புளிப்பு தூக்கலாகத் தெரியும், எனவே அதை மட்டும் தனியாக வைக்காமல் வாழைப்பழத்தோடு பாதிப் பாதி கலந்து வைக்கிறேன். நிறம் அள்ளும். பலாவைப் பொடியாக நறுக்கி வெல்லத்தில் ஒரு பிரட்டு. சீத்தாப்பழத்தைச் சுடாதீர்கள், சூடு பட்டால் கசக்கும்.

மாவைக் கால் இன்ச்சுக்கும் குறைவான கனத்தில், சுமாராக 40க்கு 20 சென்டிமீட்டர் நீள்சதுரமாகத் தேய்த்து எட்டுச் சதுரமாக வெட்டுங்கள். வெட்டும்போது கத்தியை இழுக்கக் கூடாது, மேலிருந்து நேராக அழுத்த வேண்டும், இழுத்தால் ஏடுகள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது. நடுவில் ஒரு சிட்டிகை வறுத்த ரவையைத் தூவி அதன் மேல் பழம். ரவை கசிகிற ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், சாப்பிடும்போது இருப்பதே தெரியாது. ரவைக்குப் பதில் ரஸ்க் தூளும் போடலாம். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் பழம் வைக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மடித்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டி, முள் கரண்டியால் அழுத்தி, மேலே இரண்டு கீறல் போட்டு, ட்ரேயோடு இருபது நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்போதுதான் ஓவனை 210 டிகிரியில் சூடேற்ற ஆரம்பிக்க வேண்டும்.

புளித்த மாவு ஓவனில் லேசில் சிவக்காது. அமிலம் சிவப்பதைத் தடுக்கும், தவிர மாவில் இருந்த சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். மாவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்தது இதற்காகத்தான், இனிப்புக்கு இல்லை. சுடும் முன் மேலே பால் தடவுங்கள், முட்டை சேர்ப்பவர்கள் முட்டை தடவலாம். சமையல் சோடா போட்டால் நன்றாகச் சிவக்கும் என்று சொல்லுவார்கள், உண்மைதான், ஆனால் சோடா புளிப்பை முறித்துவிடும், அப்புறம் இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் ட்ரேயைக் கீழ்த்தட்டில் வையுங்கள், அடி நன்றாக வேக வேண்டும். 210இல் பதினைந்து நிமிடம், பிறகு 180க்கு இறக்கிப் பத்து நிமிடம். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், ஏடு எழும்புகிற நேரம் அதுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓரம் முதலில் விரியும், கீறல் வாய் திறக்கும், அதற்குள்ளிருந்து பழம் குமிழி விட்டு ஓரத்தில் கொஞ்சம் வழிந்து காய்ந்து மிட்டாய் மாதிரி ஒட்டும். அடியைத் தூக்கித் தட்டிப் பார்த்தால் கடகடவென்று காலிச் சத்தம் கேட்க வேண்டும். எடுத்தவுடன் கம்பி வலைக்கு மாற்றிவிடுங்கள், ட்ரேயிலேயே விட்டால் தன் ஆவியிலேயே அடி நமத்துவிடும். உள்ளே பழம் கொதித்துக்கொண்டிருக்கும், கால் மணி நேரமாவது பொறுத்துத்தான் கடிக்க வேண்டும்.

கடித்தால் முதலில் உப்பும் வெண்ணெயும், உடனே பழத்தின் இனிப்பு, அப்புறம் விழுங்கும்போது தொண்டையில் லேசாக ஒரு தயிர்ப் புளிப்பு. அந்தப் புளிப்பு வருவதால்தான் அடுத்த கடிக்கு வாய் போகிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், மைதாவும் பழமும் இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். ஆனால் வழக்கமான பப்ஸில் போகிற வெண்ணெயில் பாதி, கடை ஜாமில் இருக்கிற சர்க்கரை சுத்தமாக இல்லை, எண்ணெயில் பொரிக்கவும் இல்லை. அப்பா சாயங்காலம் ஒன்று சாப்பிட்டுவிட்டு ராத்திரி வழக்கம் போல இரண்டு இட்லி கேட்கிறார், எனக்கு அது போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. மடித்து கீறல் போட்ட பப்ஸைத் தட்டில் தனித்தனியாக ஃப்ரீசரில் கெட்டியாக்கி, அப்புறம் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மாதம் தாங்கும். சுடும்போது ஐஸ் விடவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குப் போக வேண்டும், நேரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடும். சுட்டது மீந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஏடெல்லாம் தொய்ந்துபோகும். தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவிட்டு, எண்ணெய் விடாமல் பப்ஸை வைத்து மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து நாலு நிமிடம், கடைசி ஒரு நிமிடம் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும்.